அம்மாவின் சோற்றுக்கை

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று ஒருவரை முழு மனதோடு வெறுத்தேன். பெயர் பெனிட்டா. ஆஸ்பத்திரியில் பதினான்காம் எண் அறை. கதவில் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று எழுதியிருக்கிறது.

மார்ச் இரண்டாம் தேதி அம்மா அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு சரியாகிவிட்டது. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறாள். கைதான் வரவில்லை. பேச்சு வருகிறது, ஒவ்வொரு சொல்லாக, நடுவில் பெரிய இடைவெளி விட்டு.

கையைச் சரிசெய்யும் இடம் என்று நினைத்துத்தான் முக்கால் மணி நேரம் பேருந்தில் போனோம். பெனிட்டா மேடம் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஒரு சட்டையை எடுத்து அம்மாவின் மடியில் போட்டார்.

“போடுங்கம்மா. முதல்ல வராத கைய நுழைக்கணும். அப்புறம் நல்ல கை.”

நாற்பத்து மூன்று வயது அம்மாவுக்குச் சட்டை போடப் பாடம்! சுவர்க்கடிகாரத்தில் பத்தொன்பது நிமிடம். சட்டை மூன்று முறை கீழே விழுந்தது. மேடம் எடுத்துக் கொடுத்தாரே தவிர உதவவில்லை. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நான் எழுந்தேன்.

“நீங்க உக்காருங்க பாப்பா.”

பாப்பா! வருகிற ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவளைப் பார்த்து!

திரும்பும்போது பேருந்து முழுக்க வடிவு அத்தையின் குரல்தான். “கரண்டு வைக்கல, எண்ண தடவல, ஒரு ஊசி கூட இல்ல. சட்டை போடச் சொல்லுதா. இதுக்குப் பேரு வைத்தியமாட்டி, இசக்கி?”

வாழ்க்கையில் முதல் முறையாக அத்தை சொன்னதற்கு ஆமாம் போட்டேன்.

ஏப்ரல் 17, புதன்

கோபத்தில் நேற்று முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

அப்பா எலுமிச்சை லாரி ஓட்டுகிறார். புளியங்குடியில் ஏற்றிக்கொண்டு கேரளாவில் இறக்குவார். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார். அப்பாவின் அக்காதான் வடிவு அத்தை. எங்களுக்காக ராஜபாளையத்திலிருந்து வந்திருக்கிறாள். மே கடைசியில் திரும்பிப் போயாக வேண்டும். அவள் மகளுக்கு அப்போது பிரசவம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள அம்மா பகல்ல தனியா இருந்துக்கிட்டான்னா நீ போ. இல்லன்னா ஒரு வருசம் வீட்ல இரு. படிப்பு எங்கயும் ஓடிராது.”

பள்ளி திறப்பது ஜூன் பத்து.

மேடம் நான்கு காரியங்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார். உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போய் வருவது, கதவைத் திறந்து மூடிப் போனையும் எடுத்துப் பேசுவது. இந்த நான்கும் வந்துவிட்டால் அம்மா தனியாக இருக்கலாம். நான்கு நிற மையில் ஓர் அட்டவணை போட்டுவிட்டேன். எதற்கு எத்தனை நிமிடம் என்று தினமும் எழுதப் போகிறேன். சமையலறைச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. மிக அழகாக இருக்கிறது.

ஏப்ரல் 20, சனி

இன்று வீட்டில் பெரிய சண்டை. சாப்பாட்டைப் பற்றி.

மேடம் சொன்னது இதுதான். வலது கை வரும்வரை காத்திருக்கக் கூடாது. இடது கையால் சாப்பிடப் பழக வேண்டும். வலது கையைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். “அது வேலை செய்யாட்டியும் வேலையில சேத்துக்கிடணும்” என்றார். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி.

ஈரத்துணி விரித்தேன். விளிம்பு உயர்ந்த தட்டில் சோறும் பருப்பும் வைத்தேன். அம்மா இடது கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அத்தை பிடித்துக்கொண்டாள்.

“கோமு, ஒனக்கென்ன பைத்தியமா? கழுவுற கையில சோறு திங்கப் போறியா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“சோப்பு போட்டுக் கழுவுனா என்ன அத்தை?” என்றேன்.

“ஏட்டி, ஒங்கம்மா பால்வாடியில நொட்டாங்கையால சாப்பிடுத பிள்ளைகள என்ன செய்வா? கேளு அவகிட்ட.”

அது உண்மை. நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளை இடது கையால் எடுத்தாலும் அம்மா சிரித்துக்கொண்டே கையை மாற்றிவிடுவாள். “இது பீச்சாங்கை. இதுதான் சோத்தாங்கை” என்பாள்.

அம்மா என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அத்தை ஊட்டினாள். ஊட்டும்போது குழந்தைக்குச் செய்வதுபோல அவள் வாயும் கூடவே திறந்து திறந்து மூடியது. பார்க்க எனக்கு எரிந்தது.

அட்டவணையில் ‘சாப்பாடு’ கட்டம் காலி.

ஏப்ரல் 24, புதன்

நூலகத்திலிருந்து நரம்பு மண்டலம் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். மூளையின் இடப்பாதிதான் வலது கையை ஆள்கிறதாம். அத்தையிடம் சொன்னேன். “அப்ப மூளையையும் திருப்பி வச்சிரச் சொல்லு ஒங்க மேடத்த” என்றாள். இப்படிப்பட்டவர்களோடு எப்படி வாதாடுவது?

அத்தை குளிக்கப் போகும் நேரம்தான் எங்கள் பயிற்சி நேரம். ஜாக்கெட் கொக்கிகள்: பதினான்கு நிமிடம். கடைசி இரண்டை மட்டும் நான் மாட்டினேன். அம்மாவின் விரல் நடுங்கியது, அத்தையும் வந்துகொண்டிருந்தாள். அதைத் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

சுவரிலிருந்து பிரித்து எடுத்துப் போன அட்டவணையை மேடம் பார்த்துவிட்டு, “கையெழுத்து முத்து முத்தா இருக்கே” என்றார். உடுத்துவது பதினொரு நிமிடத்துக்கு வந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கொக்கிக்குப் பதிலாகப் பள்ளிச் செருப்பில் இருக்குமே, அந்த மாதிரி ஒட்டுப்பட்டை தைக்கலாம் என்றார். அம்மாவைப் பார்த்து, “வீட்ல எதும்மா ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேட்டார்.

அம்மா, “எல்லாரும்... என்...” என்றாள்.

“எல்லாரும் என்னை நல்லாப் பாத்துக்கிடுதாங்கன்னு சொல்லுதா மேடம்” என்றேன்.

மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பார்க்கும் விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

மே 5, ஞாயிறு

கோபம். எழுதப் பிடிக்கவில்லை.

மே 6, திங்கள்

நேற்று நடந்தது. அப்பா வந்திருந்தார். அத்தை ஊட்டியதைப் பார்த்துவிட்டு, “தள்ளுக்கா” என்று சொல்லித் தானும் இரண்டு வாய் ஊட்டினார். பிறகு துண்டால் அம்மாவின் வாயைத் துடைத்து, “பாவம், எப்படி ஓடியாடித் திரிஞ்சவ” என்றார். அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்! செத்தவளைப் பற்றிப் பேசுகிற மாதிரி! எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை உடைத்திருப்பேன், எவர்சில்வர் என்பதால் உடையாது.

ஏன் இவர்கள் யாருக்கும் புரியவில்லை? ஊட்ட ஊட்ட அவள் எப்படித்தான் பழகுவாள்? புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

இன்று மதியம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா இடது கையால் சாப்பிட்டாள். நான் சோற்றைப் பிசைந்து உருண்டையாக உருட்டி மட்டும் வைத்தேன். பாதி சாப்பிடுவதற்குள் நேரமாகிவிட்டது, சோறும் ஆறிவிட்டது. அதனால் மீதியை நானே ஊட்டினேன். அது வேறு. பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறேன்.

மே 10, வெள்ளி

உடுத்துவது 8. சாப்பாடு 10. கழிப்பறை 9. தாழ்ப்பாள் 1. இந்த வேகத்தில் போனால் மாதக் கடைசிக்குள் எல்லாமே ஐந்துக்குள் வந்துவிடும். பிறகு யார் என்னைத் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

மே 14, செவ்வாய்

அந்தப் பெண்மணியை இன்னும் நூறு மடங்கு வெறுக்கிறேன்.

உள்ளே போனதும் என்னிடம், “நீங்க வெளிய பெஞ்சுல இருங்க” என்றார். அத்தையையும் அனுப்பிவிட்டார். ஐம்பது நிமிடம். மூடிய கதவு. உள்ளே ஊன்றுகோல் விழும் சத்தம் ஒரு முறை. நான் எழுந்தேன். உள்ளேயிருந்து, “ஒண்ணுமில்ல, வராதீங்க” என்ற குரல்.

கதவு திறந்தபோது அம்மாவின் ஜாக்கெட் ஒரு தோளில் தொங்கியது. தோளில் துண்டைப் போர்த்தியிருந்தார்கள். எதிரில் இருந்த தட்டில் உப்புமா ஏறக்குறைய அப்படியே இருந்தது, சுற்றிலும் கொஞ்சம் சிந்தியிருந்தது. அம்மா குனிந்தே இருந்தாள்.

மேடம் என் அட்டவணையை மேசையில் விரித்தார். “எட்டு நிமிஷம்னு போட்டிருக்கு. கொக்கி யாரு மாட்டுனா?”

“கடைசி ரெண்டு மட்டும் நான்.”

“சாப்பாடு?”

“பிசைஞ்சு மட்டும் குடுத்தேன்.”

“பாத்ரூம்?”

“சேலைய மட்டும் பிடிச்சுக்கிட்டேன். எந்திரிக்கும்போது தூக்கி விட்டேன். அவ்வளவுதான்.”

மேடம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். “இவ்வளவும் நீங்க எழுதுன பரீட்சைம்மா. நல்ல மார்க்தான். ஒங்கம்மாவுக்கு நீங்க இன்னும் பேப்பரே குடுக்கல” என்றார்.

அத்தை பெஞ்சிலிருந்தே, “நான் அப்பமே சொன்னேன்” என்றாள். எதை எப்போது சொன்னாளாம்?

மே 15, புதன்

நான் பொய் எழுதவில்லை. ‘மட்டும்’ என்பது பொய்யா? ஒருவர் தடுக்கி விழும்போது கையைக் கொடுப்பது குற்றமா? அந்த மேடத்துக்குப் படிப்பை விட வேண்டிய நிலை வந்திருக்கிறதா? அவருக்கு ஜூன் பத்து என்றால் ஒரு திங்கட்கிழமை, அவ்வளவுதான். காலையிலிருந்து இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான்...” என்றாள்.

“நீ வருத்தப்படாதம்மா. அடுத்த வாட்டி...”

“நான்... சொல்...”

“சொல்லிக்குடுத்தா நல்லாச் செய்வேன்னுதான சொல்லுத? தெரியும். அவங்கதான்...”

அம்மா ஊன்றுகோலால் தண்ணீர் வாளியை ஓங்கி அடித்தாள். வாளி உருண்டு ஓடியது. முற்றமெல்லாம் தண்ணீர். சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். அம்மாவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அம்மா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அழுதுதான் பார்த்திருக்கிறேன்.

“என்... வாயில... நீ... பேசாத.”

நான்கு சொல். அவள் முடிக்கும்வரை நான் நின்றேன். வேறு வழியில்லை, பயந்துபோயிருந்தேன்.

அன்று ஆஸ்பத்திரியில் “எல்லாரும் என்...” என்று அவள் தொடங்கியதை எப்படி முடிக்க இருந்தாள் என்று இப்போது கேட்கலாம். கேட்கவில்லை.

மே 16, வியாழன்

அட்டவணையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நான்கு நிறமும் ஒரே மாதிரிதான் எரிந்தது.

மே 18, சனி

ஒரு முழு நாளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உலகத்திலேயே கடினமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். மேடம் சொன்னபடி நேற்றுதான் ஜாக்கெட்டில் தைத்த ஒட்டுப்பட்டையை அம்மா ஒட்டுகிறாள். கோணலாக ஒட்டுகிறது. பிரிக்கிறாள். மறுபடியும் கோணல். எனக்கு இரண்டே விநாடி வேலை! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தாறு நிமிடம். யாருக்காகவும் எழுதவில்லை, எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஜாக்கெட் கோணலாகவே இருந்தது. “சரி பண்ணட்டுமா?” என்றேன். “இருக்கட்டும்” என்றாள். நாள் முழுக்கக் கோணல் ஜாக்கெட்டோடு இருந்தாள், தெருவில் தண்ணீர் லாரி வந்தபோதும்.

மே 22, புதன்

மேடம் சொன்ன உயரத்தில் அப்பா கழிப்பறைச் சுவரில் ஓர் இரும்புக் கம்பி பதித்திருக்கிறார். எட்டுகிற இடத்தில் தண்ணீர்க் குழாயும் போட்டாயிற்று. கதவைத் தாழிடாமல் வெளியே துண்டைத் தொங்கவிட்டால் ஆள் உள்ளே இருப்பதாக அர்த்தம்.

துண்டு நாற்பது நிமிடம் தொங்கியது. அத்தை ஐந்து தடவை, “கோமு, உசிரோட இருக்கியா?” என்று தட்டினாள். ஆறாவது தடவை உள்ளேயிருந்து பதில் வந்தது: “இல்ல!”

நான் சிரித்துவிட்டேன். அத்தையும் சிரித்தாள். உடனே அதற்காக அவள்மேல் கோபமும் வந்தது.

மே 24, வெள்ளி

அத்தை இன்று மாலையே போய்விட்டாள். குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால்.

மதியம் அப்பாவும் இருந்தார். அம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டாள். இடது கையைச் சோற்றில் வைத்தாள். அத்தை வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடுங்க... மதினி.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா இந்தக் கையாலயா? சாமி சோறு போடுமா இந்த வீட்ல?”

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். நானும் அப்பாவும் காத்திருந்தோம். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

“ரெண்டும்... என்... கைதான்.”

பிறகு ஒரு கவளம் எடுத்தாள். பாதி சிந்தியது. மீதியை மென்றாள். அத்தை எழுந்து போய்ப் பையை எடுத்து வைக்கத் தொடங்கினாள். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஏறக்குறைய மூன்று மாதம் அம்மாவைக் குளிப்பாட்டியவள் அவள்தான். இதையும் எழுதத்தான் வேண்டும், பிடிக்காவிட்டாலும்.

அத்தையைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த அப்பா, “ஆளில்லாம எப்படி? ஒரு வருசந்தான இசக்கி. நீ வீட்ல இருந்தே படியேன்” என்றார். ஆத்திரமாக வந்தது. என்ன கேவலம் என்றால், ஒரு நொடி எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இனி அவள் விழுந்தால் பிடிக்க நான் பக்கத்திலேயே இருப்பேன் அல்லவா?

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “பத்தாந்தேதி... இவ... போவா.”

“சும்மா இரு கோமு, நீ...”

“போவா.”

ஜூன் 4, செவ்வாய்

மேடம் மறுபடியும் என்னை வெளியே அனுப்பினார். இம்முறை பெஞ்சிலிருந்து எழவில்லை. வெளியே வந்து, “உடுத்த இருபத்தி ரெண்டு. சாப்பாடு இருபத்தஞ்சு. பாத்ரூம் பாதுகாப்பா வருது. கதவு, போன் ரெண்டும் சரி” என்றார்.

“ரொம்ப நேரம் ஆகுதே?”

“பகல் பூரா அவங்களுக்கு வேற என்ன வேலை?” பிறகு என்னைப் பார்த்து, “ஒங்களுக்குத்தான் அவசரம்” என்றார்.

இப்போதும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவர் சொல்வது சரியாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் பிடிக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

அப்பா விடியற்காலையிலேயே சரக்கு ஏற்றிப் போய்விட்டார். நான் இட்லி அவித்து, மதியத்துக்கு வடித்து வைத்துவிட்டு, எட்டரைக்குச் சீருடையில் நின்றேன்.

“சாப்பிடும்மா, பாத்துட்டுப் போறேன்.”

“நீ... போனப்புறம்.”

“எதுவும் கீழ விழுந்தா குனியாத. மேடம் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

“போ, ஏட்டி.”

தெருமுனைவரை போனேன். அங்கே நின்றேன். திரும்பி வந்து வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய்த் துவைக்கிற கல் பக்கத்தில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்து, இடுப்பை மேடையில் ஒட்டி நின்று, மூடியை எடுத்தாள். இட்லியைத் தட்டில் வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வழுக்கித் தரையில் விழுந்து உருண்டது. என் கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது. அம்மா இட்லியைப் பார்த்தாள். குனியப் போகிறாள் என்று நினைத்தேன். குனியவில்லை. “சனியனே, கெட” என்றாள், தடங்கலே இல்லாமல்.

இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தட்டு, ஈரத்துணி, சட்னி. ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் நகர்த்தி நகர்த்தி நாற்காலிவரை கொண்டுபோனாள். உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஒரு துண்டு சட்னிக்குள் விழுந்தது, மறுபடியும் எடுத்தாள். சேலையில் சொட்டியது. நெற்றி வேர்த்தது. ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் எடுத்தாள். ஊரில் அத்தனை வீட்டிலும் எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவிப் போயிருப்பார்கள். யார்மேல் என்று தெரியாமல் அத்தனை பேர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

கடைசி வாயை விழுங்கிவிட்டு அம்மா நிமிர்ந்து நேராக ஜன்னலைப் பார்த்தாள்.

“ஏட்டி...”

அசையாமல் நின்றேன். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“மணி... என்ன?”

“ஒம்பதே முக்கால்.”

“போ.”

ஓடினேன். இரண்டாம் பாடவேளை தொடங்கியிருந்தது. வாசல் மேசையில் தாமதப் பதிவேட்டை என் பக்கம் திருப்பிவைத்தார் உடற்கல்வி டீச்சர். பெயர், வகுப்பு, காரணம். காரணம் என்ற கட்டத்தில், ‘அம்மா சாப்பிட்டாள்’ என்று எழுதினேன்.

அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். “இதெல்லாம் ஒரு காரணமா?”

“ஆமா டீச்சர்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.